சமையலறை மேசையில் பிறந்த நாவல்கள்: பால் மார்ஷலும் அவருடைய தாயும்

நெய்தல்:

அனைவருக்கும் வணக்கம். நான் சில மாதங்களாக அமெரிக்கக் கறுப்பினப் பெண் எழுத்தாளர் பால் மார்ஷலின் நூல்களை வரிசையாக வாசித்து வருகிறேன். அவருடைய கட்டுரை ஒன்றைத் தமிழாக்கமும் செய்து வருகிறேன். அந்த வேலையின் நடுவில் எழுந்து, இன்றுவரை என்னை விடாமல் இருக்கும் ஒரு கேள்வியை உங்கள்முன் வைக்கிறேன்.

அவரை அறியாதவர்களுக்காக முதலில் சில செய்திகள். பார்படோஸ் தீவிலிருந்து நியூயார்க்கின் புரூக்ளின் பகுதிக்குக் குடியேறிய சாமுவேல், ஏடா பர்க் இணையருக்கு 1929 ஏப்ரல் 9 அன்று பிறந்தவர் இவர். பெற்றோர் வைத்த பெயர் வலென்சா பவுலின் பர்க். புரூக்ளின் கல்லூரியில் 1953-இல் பட்டம் பெற்றார். முதல் நாவலான ‘பிரவுன் கேர்ள், பிரவுன்ஸ்டோன்ஸ்’ 1959-இல் வெளிவந்தது. 2019 ஆகஸ்ட் 12 அன்று, வர்ஜீனியாவின் ரிச்மண்ட் நகரில், 90 வயதில் மறைந்தார்.

இவை எந்தக் கலைக்களஞ்சியத்திலும் கிடைக்கும். ஆனால் அவரை எழுத்தாளராக்கியது புரூக்ளின் வீட்டுச் சமையலறையில் கிடந்த ஒரு மேசை என்பதை அவரே 1983-இல் எழுதிய கட்டுரையில்தான் விரிவாகச் சொல்கிறார். அவருடைய தாயும் தாயின் தோழிகளும் வெள்ளையர் வீடுகளில் நாள்கூலிக்குத் தரை தேய்த்தவர்கள். பொருளாதார மந்தம் நிலவிய 1930-களில், வேலைக்கு உடுத்தும் துணியையும் காலணியையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு தெருமுனையில் போய் நிற்பார்கள். அங்கே வரும் வீட்டுக்காரிகள் ஆளைப் பார்த்து அழைத்துச் செல்வார்கள். மாலையில் வேலை முடிந்ததும் அந்தப் பெண்கள் யாராவது ஒருத்தியின் சமையலறையில் கூடித் தேநீரோ கோகோவோ குடித்துக்கொண்டு பேசுவார்கள். வேலைக்கு வைத்தவர்களைப் பற்றியும், பிள்ளைகளைப் பற்றியும், அதிபர் ரூஸ்வெல்ட்டைப் பற்றியும், கறுப்பினத் தலைவர் மார்கஸ் கார்வியைப் பற்றியும், விட்டுவந்த தீவைப் பற்றியும் பேச்சு ஓயாமல் நடக்கும். சிறுமி பவுலின் ஒரு மூலையில் வாய் திறவாமல் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார். அந்தப் பெண்களைத்தான் பிற்காலத்தில் அவர் சமையலறைக் கவிஞர்கள் என்று அழைத்தார். தம் எழுத்தில் எது சிறந்ததோ அதற்கெல்லாம் உரிமை அவர்களுக்கே என்றும் எழுதினார்.

என் கேள்வி இதுதான். தாயின் பேச்சிலிருந்து மொழியைப் பெற்றதாக இவ்வளவு மனமுவந்து சொன்ன ஒரு மகள், தம் முதல் நாவலில் அந்தத் தாயின் சாயல் கொண்ட சில்லா பாய்ஸ் என்னும் பெண்ணை ஏன் அவ்வளவு கடினமானவளாகப் படைத்தார்? அது குற்றச்சாட்டா, நன்றிக்கடனா? நன்றிக்கடன் என்றே நான் நினைக்கிறேன். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று அறிய விரும்புகிறேன்.

பாலைநிலத்தான்:

நெய்தல் அவர்களே, நீங்கள் நன்றிக்கடன் என்று சொல்வதை என்னால் ஏற்க இயலவில்லை. நாவலில் நடப்பதை ஒருமுறை வரிசையாக எண்ணிப் பார்ப்போம்.

கணவன் டைட்டனுக்கு அவன் அக்காள் பார்படோஸில் ஏறத்தாழ 2 ஏக்கர் நிலத்தை விட்டுச் செல்கிறாள். அங்கே ஒரு வீடு கட்டித் திரும்பிப் போய்ச் சேர வேண்டும் என்பதே அவனுடைய ஒரே கனவு. அதை விற்றுப் புரூக்ளினில் வீடு வாங்க வேண்டும் என்பது சில்லாவின் பிடிவாதம். அவன் இசையாதபோது அவள் அவன் பெயரில் கள்ளக் கடிதங்கள் எழுதி, அவனுக்குத் தெரியாமலே நிலத்தை விற்றுவிடுகிறாள். வந்த 900 டாலரை அவன் ஒரே நாளில் கடைவீதியில் செலவழித்து, கை நிறையப் பரிசுகளோடு வீடு திரும்புகிறான். தனக்கென்று அவன் வாங்கிய ஊதுகொம்பை அவள் அடித்து நொறுக்குகிறாள். பிறகு தொழிற்சாலை இயந்திரத்தில் கை நசுங்கி, தன்னைக் கடவுள் என்று சொல்லிக்கொள்ளும் ஒருவரின் சபையில் போய் அவன் சேர்ந்துவிடுகிறான். அப்போது, அவன் உரிய ஆவணமின்றி நாட்டுக்குள் நுழைந்தவன் என்று அதிகாரிகளிடம் சொல்லிக் காட்டிக்கொடுப்பது யார்? அவனோடு வாழ்ந்து பிள்ளை பெற்ற மனைவியே. நாடுகடத்தப்பட்ட அவன், தன் தீவின் கரை கண்ணுக்குத் தெரியும் தொலைவில் கடலில் மூழ்கி இறக்கிறான். தவறி விழுந்தானா, குதித்தானா என்று நாவல் சொல்வதில்லை.

இந்தப் பெண்ணை எழுதியது நன்றிக்கடன் என்றால், குற்றச்சாட்டு என்ற சொல்லுக்குப் பொருளே இல்லாமல் போகிறது.

முல்லைக்கொடி:

பாலைநிலத்தான் அவர்கள் சொன்னவை எல்லாம் நாவலில் இருப்பவைதாம். ஆனால் அவற்றுக்கு நடுவே இரண்டு காட்சிகளை அவர் விட்டுவிட்டார்.

முதலாவது, ஆயுதத் தொழிற்சாலைக் காட்சி. போர்க்காலம். சில்லா இரவு வேலைக்குப் போகிறாள். நிலத்தை விற்கும் திட்டத்தை அறிந்த மகள் செலினா, தாயைத் தடுக்க வேண்டும் என்ற ஆவேசத்தோடு இரவில் தனியாகத் தொழிற்சாலைக்கே போய்விடுகிறாள். அங்கே காதைப் பிளக்கும் இரைச்சலில், பேரியந்திரத்தின் முன் நின்று வேலை செய்யும் தாயைப் பார்க்கிறாள். தாயின் கைகளும் இயந்திரத்தின் அசைவும் ஒரே தாளத்தில் ஓடுகின்றன. அந்த இயந்திரத்தின் வலிமைக்கு ஈடுகொடுக்கக்கூடிய வலிமை தன் தாய்க்கு மட்டுமே உண்டு என்ற எண்ணம் அவளுக்குள் எழுகிறது. சண்டையிட வந்தவள் வாயடைத்து நிற்கிறாள். வெறுப்பு மட்டுமே இருந்திருந்தால் அந்தக் காட்சியை எழுதியிருக்க முடியாது.

இரண்டாவது, காட்டிக்கொடுத்த நாளின் இரவு. செலினா தாயின் தோளில் குத்தியபடி “ஹிட்லர்” என்று திரும்பத் திரும்பக் கத்துகிறாள். போர் நடக்கும் ஆண்டுகளில் ஒரு சிறுமிக்குத் தெரிந்த ஆகக் கொடிய சொல் அதுதான். சில்லா அவளைத் தடுக்கவில்லை; விலக்கவும் இல்லை. அடித்து அடித்துக் களைத்து மகள் உறங்கிப் போகும்வரை வாங்கிக்கொள்கிறாள். பிறகு அவளைத் தூக்கிச் சென்று, மடியில் வைத்துக்கொண்டு, உறங்கும் முகத்தைத் தொட்டுப் பார்க்கிறாள். பகலில் விழித்திருக்கும் மகளிடம் காட்டத் தெரியாத பரிவு அது. என் வாசிப்பில், முழு நாவலும் அந்த ஒரு தொடுகையைச் சுற்றியே கட்டப்பட்டிருக்கிறது.

கூடல்வாசகர்:

நான் பள்ளியில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவன். தாய் நல்லவளா கெட்டவளா என்ற வழக்கை இளையவர்கள் தீர்த்துக்கொள்ளட்டும். என்னை ஈர்த்தது அந்தப் பெண்களின் பேச்சு.

அந்தக் கட்டுரையில் மார்ஷல் எடுத்துக்காட்டும் ஒரு வழக்கைப் பாருங்கள். அந்தப் பெண்கள் எதையும் வெறுமனே அழகு என்றோ அசிங்கம் என்றோ சொல்வதில்லை. இரண்டையும் ஒட்டி ஒரே சொல்லாக்கி, “பியூட்டிஃபுல்-அக்ளி” என்பார்கள். ஓர் உடையும் அப்படித்தான், ஒரு காரும் அப்படித்தான். எந்தப் பொருளும் தன் எதிரைத் தனக்குள்ளேயே வைத்திருக்கிறது என்ற பார்வை அந்தச் சொல்லில் இருப்பதாகப் பிற்காலத்தில் மார்ஷல் புரிந்துகொள்கிறார். நம் யாப்பில் முரண்தொடை என்று ஒன்று உண்டு. அதைப் புலவர்கள் அடிகளில் தொடுத்தார்கள். இந்தப் பெண்கள் தரை தேய்த்துக் காய்த்துப்போன கைகளோடு, கோகோ ஆறுவதற்குள், பேச்சுவாக்கில் ஒரே சொல்லில் தொடுத்துவிட்டார்கள்.

இன்னொன்று. நாவலில் சில்லா பேசிக்கொண்டே போகும்போது அவளுடைய தோழி அவளை ஊக்கி, வெள்ளைக்காரனுடைய இந்த உலகத்தில் உன் வாயையே துப்பாக்கி ஆக்கிக்கொள்ள வேண்டும் என்கிறாள். நம்மிடம் ‘வாயுள்ள பிள்ளை பிழைக்கும்’ என்ற பழமொழி இருக்கிறது. இரண்டும் ஒன்றே என்று முதலில் எண்ணினேன். பிறகுதான் வேறுபாடு புரிந்தது. நம் பழமொழியில் வாய், கேட்டுப் பெற்றுப் பிழைப்பதற்கான வழி. அவர்களிடத்தில் வாய் ஓர் ஆயுதம். நிலமும், வாக்கும், நல்ல ஊதியமும் மறுக்கப்பட்டவர்களுக்குப் பறிக்க முடியாதபடி எஞ்சியிருந்த ஒரே உடைமை அது.

சில்லாவைத் தீயவளாக மட்டும் காண்பவர்கள், நாவலிலேயே ஆகச் சிறந்த மொழி யாருக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது என்று கவனிக்க வேண்டும். கனவு காணும் தந்தைக்கு அல்ல, அவளுக்கே.

நெய்தல்:

கூடல்வாசகர் ஐயா, நான் சொல்லத் தவித்ததை ஒரே வரியில் சொல்லிவிட்டீர்கள். மகளின் அன்பைத் தந்தை பெறுகிறார். ஆனால் மகளின் மொழித்திறன் முழுவதையும் தாய் பெறுகிறாள். அதனால்தான் நான் நன்றிக்கடன் என்றேன்.

உங்களிடம் ஓர் உதவியும் வேண்டும். இந்தப் பேச்சைத் தமிழில் எப்படிக் கொண்டுவருவது என்று தெரியாமல் தடுமாறுகிறேன். நூல்வழக்கில் எழுதினால் அந்தப் பெண்கள் மேடையேறிப் பேசுவதுபோல் ஆகிவிடுகிறது. நம் வட்டார வழக்கு ஒன்றில் எழுதினால், பார்படோஸ்காரிகள் திடீரென்று விருதுநகருக்கோ நாகர்கோவிலுக்கோ வந்துவிடுகிறார்கள். இரண்டு வாரங்களுக்கு முன் ஒரு பத்தியைக் கரிசல் வழக்கில் எழுதிப் பார்த்தேன். வாசிக்க இனிமையாகவே இருந்தது. ஆனால் அவர்களுடைய கடலும் கரும்பும் ஆங்கிலிக்கன் தேவாலயமும் அந்தப் பேச்சிலிருந்து காணாமல் போய்விட்டன. அந்தப் பத்தியை அழித்துவிட்டேன்.

வடகரை:

நான் நியூயார்க்கில் வசிக்கிறேன். நாவலில் வரும் சான்சி தெருவுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தே போனேன். பிரவுன்ஸ்டோன் என்பது செம்பழுப்பு மணற்கல் முகப்புக் கொண்ட, ஒன்றோடொன்று சுவர் ஒட்டி நிற்கும் மாடிவீடு. தெருவிலிருந்து முதல் தளத்துக்கு நேரே ஏறும் உயரமான கற்படிகள்தாம் அதன் அடையாளம். நான் பார்த்த ஒரு வீட்டில் அந்தக் கல்லின் மேல்தோல் மெல்லிய ஏடுகளாக உரிந்துகொண்டிருந்தது. கையை வைத்தால் மாவுபோல் ஒட்டியது. அழகாகவும் உறுதியாகவும் தோன்றும் அந்தக் கல் உண்மையில் மிருதுவானது.

இந்த வீடுகளை ஏன் அந்த மக்கள் அவ்வளவு வெறியோடு வாங்கினார்கள் என்பதைப் பேசாமல் சில்லாவைப் பற்றிப் பேசக் கூடாது. பார்படோஸ் சுமார் 430 சதுர கிலோமீட்டர் பரப்பளவே கொண்ட தீவு. நல்ல நிலமெல்லாம் கரும்புத் தோட்ட முதலாளிகளின் கையில் இருந்தது. அடிமை முறை ஒழிந்து மூன்று தலைமுறை கடந்தும், தோட்டத்தில் உழைத்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்குச் சொந்தமாக ஒரு துண்டு நிலம் அரிதாகவே இருந்தது. 1904 முதல் 1914 வரை பனாமாக் கால்வாய் வெட்டும் வேலைக்குப் பல்லாயிரம் பார்படோஸ் ஆண்கள் போனார்கள், பலர் திரும்பவில்லை. அவர்கள் அனுப்பிய, கொண்டுவந்த பணத்துக்குப் ‘பனாமாப் பணம்’ என்றே பெயர். அந்தப் பணத்தில் கப்பலேறி அமெரிக்கா வந்த குடும்பங்கள் ஏராளம்.

அப்படி வந்தவர்களுக்கு ஒரு வீட்டின் பத்திரம் என்பது என்னவாக இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். சில்லாவைப் போன்றவர்கள் முதலில் வீட்டைக் குத்தகைக்கு எடுத்தார்கள், அறை அறையாகப் பிரித்து வாடகைக்கு விட்டார்கள், தாங்கள் ஒண்டிக்கொண்டு மிச்சம் பிடித்தார்கள், பின்னர் வாங்கினார்கள். நாவலில் அவர்களுடைய வீட்டுரிமையாளர் சங்கம் வருகிறது. அதைச் செலினா வெறுக்கிறாள். சக மனிதரை மறந்து கல்லையும் பத்திரத்தையும் தொழுகிறார்கள் என்பது அவள் கோபம். அந்தக் கோபத்தில் நியாயம் உண்டு. ஆனாலும் அந்தச் சங்கத்தார் எல்லாவற்றையும் இழந்த ஒரு வரலாற்றிலிருந்து வந்தவர்கள். மார்ஷல் இந்த இரண்டு உண்மைகளையும் சேர்த்தே எழுதியிருக்கிறார்.

இன்று அதே தெருக்களில் ஒரு பிரவுன்ஸ்டோனின் விலை மில்லியன் டாலரைத் தாண்டுகிறது.

பாலைநிலத்தான்:

வடகரை அவர்களின் பதிவு என் எண்ணத்தைச் சற்று அசைத்தது என்பதை மறைக்க மாட்டேன். ஆனாலும் அந்தச் சமூகத்தின் கொடுமையையும் சொல்லித்தான் ஆக வேண்டும். ஒரு திருமண விருந்துக்கு டைட்டன் தாமதமாக வந்து நிற்கும்போது, ஆடிக்கொண்டிருக்கும் கூட்டம் முழுவதும் அவனுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொள்கிறது. சின்னத் தீவுக்காரனே, வந்த இடத்துக்கே திரும்பிப் போ என்ற பாட்டை அவனை நோக்கிப் பாடுகிறது. நிலத்தின் பணத்தை வீணாக்கியதற்கான தண்டனை அது. நேரடியான வசை ஒன்றும் இல்லை, அந்தப் பாட்டும் முதுகுகளும் மட்டுமே. நாடுகடத்தல் அன்றைக்கே நடந்துவிட்டது. அரசு பின்னால் வந்து ஆவணத்தில் கையெழுத்திட்டது, அவ்வளவுதான்.

ஒரு கேள்வி. இவ்வளவு வலிமையான நாவல் வெளிவந்தவுடன் கொண்டாடப்பட்டதா?

நெய்தல்:

மதிப்புரைகள் நன்றாகவே இருந்தன; விற்பனை நன்றாக இல்லை. சில ஆண்டுகளில் நூல் அச்சில் இல்லாமல் போய்விட்டது. 1981-இல் ஃபெமினிஸ்ட் பிரஸ் என்னும் பெண்ணியப் பதிப்பகம் அதை மறுபதிப்பாகக் கொண்டுவந்த பிறகுதான் கல்லூரிகளிலும் பொதுவாசகரிடத்திலும் அது பரவியது. அதாவது, 30 வயதில் வெளியிட்ட நூலுக்கு உரிய வாசகர்களை அவர் 52 வயதில்தான் சந்தித்தார். 1992-இல் படைப்பாளிகளுக்கும் அறிஞர்களுக்கும் வழங்கப்படும் மெக்ஆர்தர் நல்கை கிடைத்தபோது அவருக்கு வயது 63. இந்த இடைவெளி எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. அவர் எழுதாமல் இருந்ததால் ஏற்பட்ட இடைவெளி அல்ல இது. எழுதியவற்றை வைத்துக்கொள்ள அன்றைய பதிப்புலகில் அலமாரி இல்லாததால் ஏற்பட்டது.

அந்த முதல் நாவலை அவர் எழுதிய விதமும் தாயின் வாழ்க்கையை ஒத்தது. கறுப்பினத்தவருக்கான ‘அவர் வேர்ல்டு’ இதழில் வேலை செய்துவிட்டு, களைத்து வந்த மாலைகளில் எழுதினார். தாய் வேலை முடிந்து வந்து பேசினார். மகள் வேலை முடிந்து வந்து எழுதினார். பருத்துப்போன கைப்பிரதியைப் பார்படோஸுக்கே எடுத்துச் சென்று, அங்கே உட்கார்ந்து செதுக்கினார்.

அடுத்த நூல் 1961-இல் வந்தது. நான்கு குறுநாவல்களின் தொகுதி. அப்போது அவருக்குக் கைக்குழந்தை. கணவர் விரும்பாதபோதிலும் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒருவரைக் கூலிக்கு அமர்த்திவிட்டு, நாள்தோறும் ஒரு தோழியின் இருப்பிடத்துக்குப் போய் எழுதினார். அந்தத் திருமணம் 1963-இல் முறிந்தது. பிறர் வீட்டில் வேலை செய்யத் தாய் தெருமுனையில் நின்றார். தன் வேலையைச் செய்ய மகளும் பிறர் வீட்டுக்கே போக வேண்டியிருந்தது.

துணை நின்றவர்களும் உண்டு. கறுப்பினக் கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸ் அவர்களில் முதன்மையானவர். 1965-இல் அமெரிக்க அரசு ஏற்பாடு செய்த ஐரோப்பியப் பயணத்துக்கு இளம் எழுத்தாளராக இருந்த மார்ஷலை அவர் தம்மோடு அழைத்துச் சென்றார். அந்த நாள்களை மார்ஷல் 2009-இல் வெளியிட்ட தம் நினைவுக்குறிப்பு நூலில் மிகுந்த நன்றியோடு எழுதியிருக்கிறார்.

முல்லைக்கொடி:

பெயரைப் பற்றி ஒரு சொல். சிறுவயதில் அவர் புரூக்ளினில் மேக்கன் தெரு நூலகத்துக்குப் போய்த் தாக்கரேயையும் ஃபீல்டிங்கையும் டிக்கன்ஸையும் விழுந்து விழுந்து வாசித்தவர். அவற்றில் ஏதோ ஒன்று இல்லை என்பது மட்டும் தெரிந்ததாம். எது இல்லை என்று சொல்லத் தெரியவில்லையாம். ஒரு நாள் அதே நூலகத்தில் பால் லாரன்ஸ் டன்பார் என்னும் கறுப்பினக் கவிஞரின் நூல் கையில் கிடைத்தது. பேச்சுமொழியிலேயே எழுதப்பட்ட கவிதைகள் அதில் இருந்தன. இல்லாமல் இருந்தது எது என்று அப்போதுதான் விளங்கியது. பவுலின் என்ற பெயரைப் பால் என்று அவர் மாற்றிக்கொண்டது அந்தக் கவிஞரின் நினைவாகத்தான். இறுதியில் ஒலிக்காத ஓர் எழுத்தை மட்டும் கூடுதலாக வைத்துக்கொண்டார்.

அதைவிட என்னை உலுக்கியது பாட்டியைப் பற்றி அவர் 1967-இல் எழுதிய சிறுகதை. புரூக்ளினிலிருந்து வந்திருக்கும் 9 வயதுப் பேத்தியைப் பாட்டி கைப்பிடித்துக் கரும்புக்கும் பழமரங்களுக்கும் நடுவே அழைத்துப் போகிறாள். உங்கள் ஊரில் இது உண்டா, இது உண்டா என்று ஒவ்வொன்றாகக் காட்டிக் கேட்கிறாள். இல்லை, இல்லை என்று பேத்தி ஒவ்வொரு முறையும் தோற்கிறாள். பதிலுக்குப் பேத்தி பனியைச் சொல்கிறாள், இயந்திரங்களைச் சொல்கிறாள், புதுப் பாட்டுக்கு ஆடியும் காட்டுகிறாள். கடைசியில் பாட்டி மிக உயரமான ஒரு பனையின் அடியில் கொண்டுபோய் நிறுத்தி, இவ்வளவு உயரமாக உங்களிடம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்கிறாள். இல்லை என்று சொல்லியிருக்கலாமே என்று வாசிக்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றும். சிறுமி எம்பயர் ஸ்டேட் கட்டடத்தையும் அதன் நூற்றுக்கும் மேற்பட்ட மாடிகளையும் சொல்லிவிடுகிறாள். அந்தக் கணத்தில் பாட்டியின் உடல் தளர்ந்துபோகிறது.

1937-இல் தீவில் வேலைநிறுத்தமும் கிளர்ச்சியும் மூண்டபோது, மக்களை அச்சுறுத்த ஆங்கிலேய விமானங்கள் தாழப் பறப்பதாகவும், ஊரே கரும்புக்குள் ஓடி ஒளிந்தபோது பாட்டி மட்டும் சன்னலோரம் உட்கார்ந்து அவற்றைப் பார்த்தபடியே இறப்பதாகவும் கதை முடிகிறது. சிறுமி வென்ற போட்டிக்கு எழுத்தாளர் வாழ்நாள் முழுவதும் வருந்தினார் என்றே நான் அந்தக் கதையைப் படிக்கிறேன்.

கூடல்வாசகர்:

அம்மா முல்லைக்கொடி, அந்த வருத்தம்தான் 1983-இல் வந்த ‘பிரெய்ஸ்சாங் ஃபார் த விடோ’ நாவலாக மலர்ந்தது என்று எனக்குப் படுகிறது. அதன் நாயகி ஏவி ஜான்சன், 64 வயதுக் கைம்பெண். கணவனோடு சேர்ந்து முண்டியடித்து உழைத்து, புறநகரில் வீடும் வசதியும் சேர்த்து, ஆண்டுதோறும் சொகுசுக் கப்பலில் சுற்றுலா போகும் நிலையை எட்டியவள். ஒரு நாள் காரணம் சொல்லத் தெரியாத ஓர் ஒவ்வாமையால் கப்பலைவிட்டுக் கிரெனடாவில் இறங்கிவிடுகிறாள். அங்கே சந்திக்கும் ஒரு முதியவர் அவளைக் கரியாகூ என்னும் சின்னஞ்சிறு தீவுக்கு அழைத்துப் போகிறார். அங்கே மக்கள் தத்தம் ஆப்பிரிக்க மூதாதையரின் இனக்குழு ஒவ்வொன்றுக்கும் உரிய ஆட்டத்தைப் பெருமுரசின் ஒலிக்கு ஆடுகிறார்கள். தன் இனக்குழு எதுவென்று அறியாத ஏவியும் மெல்ல அவர்களோடு அடியெடுத்து வைக்கிறாள். மார்ஷல் கிரெனடாவில் தங்கியிருந்து எழுத்து ஓடாமல் தவித்த நாள்களில் தாமே கரியாகூ சென்று அந்த ஆட்டத்தைக் கண்டவர்.

அந்த நாவலில் ஓர் உரையாடலை எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுப்பதில்லை. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட, மேற்கு ஆப்பிரிக்காவின் இக்போ இன மக்கள், கரையில் இறங்கியதும் வரப்போவதை எல்லாம் ஒரே பார்வையில் கண்டு, திரும்பி, சங்கிலியோடு தண்ணீர்மேல் நடந்தே தாயகம் போய்விட்டார்கள் என்று பெரிய பாட்டி சிறுமி ஏவிக்குச் சொல்கிறாள். 1803-இல் ஜார்ஜியாவின் செயின்ட் சைமன்ஸ் தீவில் அடிமைப்பட மறுத்து நீரில் இறங்கி மாண்டவர்களைப் பற்றி வழிவழியாகச் சொல்லப்படும் கதை இது. அவர்கள் ஏன் மூழ்கவில்லை என்று சிறுமி கேட்கிறாள். பெரிய பாட்டி அவளை நெடுநேரம் பார்த்துவிட்டு, இயேசு தண்ணீர்மேல் நடந்தபோது மூழ்கினார் என்று உன் ஞாயிறு பள்ளிப் புத்தகத்தில் போட்டிருக்கிறதா என்று திருப்பிக் கேட்கிறாள். சிறுமி அதன்பிறகு அந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை.

இதுவும் சமையலறைப் பேச்சுதான். வாய் இங்கே துப்பாக்கியாகவில்லை, படகாகிவிட்டது.

வடகரை:

இடையில் 1969-இல் வந்த ‘த சோசன் பிளேஸ், த டைம்லெஸ் பீப்பிள்’ நாவலை யாரும் குறிப்பிடவில்லை. கற்பனைத் தீவு ஒன்றுக்கு வளர்ச்சித் திட்டத்தோடு வந்திறங்கும் அமெரிக்க ஆய்வாளர்களைப் பற்றிய பெரிய நாவல் அது. அந்த ஊர் மக்கள் ஒவ்வோர் ஆண்டும் திருவிழாவில் தங்கள் முன்னோரின் அடிமைக் கிளர்ச்சியையே திரும்பத் திரும்ப நடித்துக் காட்டுகிறார்கள். வேறு எதையும் நடிக்க மறுக்கிறார்கள். வளர்ச்சித் திட்டங்கள் ஏன் தோற்கின்றன என்பதை அதைவிட நுட்பமாகச் சொன்ன புனைவை நான் படித்ததில்லை. அதற்குத் தனி இழையே தொடங்கலாம்.

பாலைநிலத்தான்:

முதல் நாவலின் கடைசிப் பகுதியை நேற்றிரவு மறுபடியும் வாசித்தேன். செலினா வீட்டைவிட்டுப் போவதாகத் தாயிடம் சொல்லும் இடம். எல்லோரும் என்னை அப்பாவின் பெண் என்றார்கள். அது தவறு, நான் உண்மையில் உன் மகள் என்கிறாள். 18 வயதில் தன்னந்தனியாகக் கப்பலேறி வந்தவள் நீ, நானும் அதையேதான் செய்கிறேன் என்கிறாள். இத்தனை நாளும் நான் இதைப் பிரிவின் கோபம் என்றே வாசித்திருக்கிறேன். இந்த இழைக்குப் பிறகு அது வேறாகக் கேட்கிறது. காட்டிக்கொடுத்ததை மகள் மன்னிக்கவில்லை. நானும் மன்னிக்க மாட்டேன். ஆனால் தான் யாருடைய எலும்பால் ஆனவள் என்று அவள் ஒப்புக்கொள்கிறாள்.

பார்படோஸ் வழக்கப்படி பிறந்ததிலிருந்து அவள் கையில் இரண்டு வெள்ளி வளையல்கள். புறப்படும்போது, இடிக்கப்பட்ட பிரவுன்ஸ்டோன் வீடுகளின் கற்குவியலை நோக்கி ஒன்றைக் கழற்றி எறிகிறாள். நமக்குச் சிலம்பு நினைவுக்கு வரும். ஆனால் கண்ணகியின் சீற்றம் இங்கே இல்லை. ஒன்றை அந்த ஊருக்குக் கொடுத்துவிட்டு, மற்றதைக் கையிலேயே வைத்துக்கொண்டு போகிறாள்.

கூடல்வாசகர்:

நெய்தல் அம்மா, நீங்கள் கேட்ட உதவியை மறக்கவில்லை. வட்டார வழக்கு வேண்டாம். வாக்கியங்களை எளிய பொதுப் பேச்சில் அமைத்துவிட்டு, அவர்களுக்கே உரிய சொற்சேர்க்கைகளை மட்டும் நம் காதுக்குப் புதிதாக இருந்தாலும் அப்படியே உருவாக்குங்கள். ‘பியூட்டிஃபுல்-அக்ளி’க்கு ‘அழகசிங்கம்’ என்று வைத்துப் பார்த்தேன். வேகமாகச் சொன்னால் அழகிய சிங்கம் என்று கேட்கிறது என்பது ஒரு குறை.

நெய்தல்:

ஐயா, அதைக் குறையென்று நான் நினைக்கவில்லை. நரசிம்மரை வைணவர்கள் அழகியசிங்கர் என்று அழைக்கிறார்கள். குடலைக் கிழித்து மாலையிட்ட அந்த உருவத்தைப் பார்த்து அழகு என்று சொல்ல நம் மொழிக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது.

இன்று காலை அந்தப் பத்தியைத் திரும்ப எழுதினேன். சமையலறை, மேசை, ஆறிக்கொண்டிருக்கும் கோகோ, மூலையில் சிறுமி. ஒருத்தி புதிதாக வாங்கிய உடையைத் தூக்கிக் காட்டுகிறாள். மற்றவள் தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, “அம்மாடி, என்ன ஓர் அழகசிங்கம்!” என்கிறாள். அந்த வரியை அழிக்காமல் அப்படியே விட்டிருக்கிறேன்.